மேற்கே கறுத்தால் ஒரு மிஸ்டு கால்

மின்னல் வெட்டியதற்கும் இடி வருவதற்கும் நடுவில் எத்தனை நொடி என்று நீங்கள் எண்ணிப் பார்த்ததுண்டா?

எண்ணாதீர்கள். எண்ண ஆரம்பித்தால் வேறெதுவும் மனதில் நிற்காது. அப்படி எண்ணிக்கொண்டு உட்கார்ந்த ஒருவனின் கதைதான் இது.

அவனை எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் வேறு. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், துணி வெளுக்கும் கூடத்தில், ராத்திரி முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தேய்ப்பது அவன் வேலை. ஒரு ராத்திரிக்கு நானூறு விரிப்பு. வேலை முடிந்த பிறகும் கை சும்மா இருக்காது, எதையாவது நீவிக்கொண்டே இருக்கும். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்து ஆளின் சட்டைக் காலரை நீவிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அன்று காலையும் அந்தக் கையோடுதான் அறைக்கு வந்தான். நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. பழைய கட்டடம், படியெல்லாம் ஈர வாசனை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணன் எதிரே இறங்கி வந்தார்.

கூடப் பிறந்தவர் அல்ல. அறைத்தோழர். கட்டில் ஒன்றுதான்: பகலில் இஸ்திரிக்கு, ராத்திரியில் அண்ணனுக்கு. இரண்டு வருஷமாக ஒரே தலையணையில் தலை வைத்தாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இந்தப் படியில்தான். அதுவும் அஞ்சு நிமிஷம்.

"என்னடா இஸ்திரி, மூஞ்சியெல்லாம் மடிப்பா இருக்கு? உன்னையே ஒரு தடவை தேச்சுக்க வேண்டியதுதானே?"

"நீங்க ஏன் பேசமாட்டீங்க? மேல உக்காந்து ஊரையே குனிஞ்சு பாக்குற ஆளு."

"குனிஞ்சு பாத்துப் பாத்துதான் கழுத்தே போச்சு." இரண்டு படி இறங்கியவர் திரும்பினார். "காலையிலேயே புழுங்குதுடா. மேற்க கறுத்தா ஒரு மிஸ்டு கால் குடுத்துடு."

"என்னைக்குண்ணே மறந்திருக்கேன்?"

"அது சரி. மறந்தா சண்டை போட நான் இருக்கணுமே." சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அண்ணன் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடம் கட்டும் இடத்தில், அறுபது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டு. அவருக்கு மேற்கே நாற்பது மாடிக் கட்டடம் ஒன்று சுவர் மாதிரி நிற்கிறது. கருமேகம் அதைத் தாண்டித் தலைக்கு மேல் வந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அதற்கப்புறம் இரும்பு ஏணியில் இறங்குவது எமன் வீட்டுக்கு வழி கேட்டுப் போகிற மாதிரி. கீழே ஒரு அபாயச் சங்கு உண்டு. ஆனால் அது காற்றில் பை பறந்தால்கூட அலறும். அதை நம்பி இறங்கி, மேஸ்திரியிடம் திட்டு வாங்கி, அண்ணன் அதைக் காதில் போட்டுக்கொள்வதையே விட்டுவிட்டார்.

அறையின் ஜன்னல் மேற்கே பார்த்தது. அங்கிருந்து வானமும் தெரியும், வலது ஓரத்தில் கிரேனும் தெரியும். அதனால் ஏற்பாடு இதுதான்: வானம் கறுத்தால் இஸ்திரி ஒரு மிஸ்டு கால் கொடுப்பான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தால் அண்ணன் இறங்குவார். இதுவரை பதினோரு முறை. பதினோரு முறையும் அவர் தரையில் கால் வைத்த பிறகுதான் முதல் இடி விழுந்தது.

இஸ்திரி படுத்தான். தூக்கம் வருவதற்குள் போனில் மகள் அனுப்பிய குரல் செய்தி. எட்டு வயது. மூன்று நாளாகக் கோபம்.

"அப்பா, போன தடவை இடி வர்றதுக்குள்ள வீடியோவக் கட் பண்ணிட்ட. இந்தத் தடவை முழுசா எடுக்கணும். மின்னல்லேருந்து எண்ணணும். முழுசா அனுப்பினாதான் பேசுவேன். இல்லேன்னா டூ."

போன வருஷமும் ஊருக்குப் போகவில்லை. இந்த வருஷமும் லீவு இல்லை. கொடுக்க முடிந்தது ஒரு வீடியோதான். இதையாவது சரியாகக் கொடுக்கலாம் என்று நினைத்தபடியே தூங்கிப்போனான்.

நாலு மணிக்கு அறை இருட்டியது.

விழித்தபோது ஜன்னல் முழுக்க ஊதா நிறம். மேற்கே மேகம் ஒரு மலை மாதிரி எழுந்து நின்றது. காற்று இல்லை. எதிர் மாடிக் கொடியில் துணி அசையவில்லை. தூரத்தில், சத்தமே இல்லாமல், மேகத்தின் வயிற்றுக்குள் ஒரு வெளிச்சம் வந்து போனது.

உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. எழுந்து, போனை ஜன்னல் கட்டையில் ஒரு குவளை மேல் சாய்த்து வைத்து, வீடியோவைத் தட்டினான். அதற்குப் பிறகுதான் மிஸ்டு கால் ஞாபகம் வந்தது.

அவன் போனில் வீடியோ ஓடும்போது எண்ணைத் தட்டினால் வீடியோ நின்றுவிடும்.

மறுபடி பாதியில் நிற்கும். மறுபடி டூ.

முதல் மின்னல் வெட்டியது. எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று... பதினெட்டு வரை போனது. இடி எங்கோ பெட்டி நகர்த்துகிற மாதிரி உருண்டது. ரொம்ப தூரம். இன்னும் ஒன்று எடுத்துவிட்டுக் கூப்பிடலாம்.

அடுத்தது பதினாலு.

கிரேனின் கை வானத்தில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கட்டடம் கட்டும் இடத்தில் சங்கு அலறியது. வழக்கமான அலறல்தானே. இன்னும் ஒன்று.

பத்து.

காற்று வந்தது. ஜன்னல் சட்டம் பல்லைக் கடித்தது. மழைக்கு முந்தின மண்வாசனை வரவேண்டிய நேரம். வந்தது வேறு வாசனை. இயந்திரத்துக்குப் போடும் கிரீஸ், துருப்பிடித்த இரும்பு, வியர்வை. இந்தத் தலையணையில் தினமும் அவன் முகம் புதைக்கிற வாசனை. அவன் கண் திரையை விட்டு நகரவில்லை. வாய் எண்ணிக்கொண்டிருந்தது.

"இறங்கலாமாடா?"

முதுகுக்குப் பின்னால். தாழ்ந்த குரல். பழகின குரல்.

நானூறு விரிப்பு தேய்த்த களைப்பில், பாதித் தூக்கத்தில், எண்ணிக்கை கெட்டுவிடுமே என்கிற எரிச்சலில், இஸ்திரி திரும்பாமலே கிசுகிசுத்தான்.

"கொஞ்சம் இருங்கண்ணே."

ஆறு. ஏழு. இடி.

பிறகுதான் உறைத்தது.

அண்ணன் மேலே இருக்கிறார்.

மெல்லத் திரும்பினான். கதவு உள்ளே தாழ் போட்டபடி இருந்தது. கட்டிலில் அவன் உதறிய போர்வை. அறையில் யாரும் இல்லை.

வாசனை மட்டும் இருந்தது.

போனைப் பறித்தான். வீடியோ நின்றது, நிற்கட்டும். எண்ணைத் தட்டினான். மிஸ்டு கால் இல்லை. மணி அடிக்க அடிக்க வெட்டாமல் காதில் வைத்துக்கொண்டு நின்றான். எடுங்கண்ணே, எடுங்க. யாரும் எடுக்கவில்லை. மழை திரை மாதிரி இறங்கியது. கிரேன் மறைந்தது.

பிறகு ஒரு வெளிச்சம். அறையின் ஒவ்வொரு விரிசலும் தெரிந்தது.

இந்த முறை எண்ண நேரமே இல்லை.

அரை மணி கழித்து மேஸ்திரியின் போன் வந்தது. குரல் உடைந்திருந்தது.

"தம்பி, நீதானே அவரு ரூம்ல இருக்கறது? மனசத் திடப்படுத்திக்க. அவரு போயிட்டாரு."

இஸ்திரி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

"சங்கு ஊதினதும் நான் வாக்கி டாக்கியில இறங்குங்கன்னு கத்தினேன் தம்பி. 'ரூம்ல பையன்கிட்ட கேட்டுட்டேன் மேஸ்திரி, கொஞ்சம் இருங்கண்ணேங்கிறான்'னாரு. அதுக்கப்புறம் அவரு போன் அடிச்சுது. 'வந்துடுச்சு, இறங்குறேன்'னாரு. அந்த நேரத்துல இறங்காதீங்கன்னு தொண்டை கிழியக் கத்தினேன். ஏணியில மூணாவது தட்டுல வச்சு இடி அடிச்சுடுச்சு. கூண்டுக்குள்ளயே உக்காந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது." மூக்கை உறிஞ்சினார். "நீ ஏம்ப்பா முதல்ல இருங்கன்னு சொன்ன?"

"நான் அதுக்கு முன்னாடி அவருக்கு போனே பண்ணலையே."



"அப்புறம் அவரு யாருகிட்ட கேட்டாரு?"

இஸ்திரி போனை வைத்துவிட்டு, வீடியோவை ஓடவிட்டான். மேகம். மின்னல். அவன் எண்ணுகிற முணுமுணுப்பு. அந்த இடம் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் குரல் மட்டும், தெளிவாக: "கொஞ்சம் இருங்கண்ணே."

மூன்று முறை கேட்டான். மூன்று முறையும் அவன் குரல் மட்டும்தான்.

இருட்டுவதற்குள் மகள் கூப்பிட்டாள்.

"எடுத்தியாப்பா?"

"எடுத்தேன்டா கண்ணு."

"முழுசாவா?"

விரல் தானாக வேட்டியின் ஒரு மடிப்பை நீவிக்கொண்டிருந்தது. நீவ நீவ அது போகவில்லை.

"இல்லம்மா. பாதியில நின்னுபோச்சு."

அவள் வைத்துவிட்டாள். வீடியோவை அழித்தான். லீவு கேட்டான், ஆள் இல்லை என்றார்கள். போய் நானூறு விரிப்பு தேய்த்தான்.

மறுநாள் காலை வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. அண்ணன் வீட்டுக்கு அனுப்ப, அவர் சான்றிதழ்களையும் இரண்டு சட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இஸ்திரி கட்டடம் கட்டும் இடத்துக்குப் போனான். மேஸ்திரி பையை வாங்கிக்கொண்டார். வேலை நிற்கக்கூடாது என்று வேறொரு ஓட்டுநரை வரவழைத்திருந்தார்கள். வெளியூர்க்காரர். நேற்று நடந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை. ஏழரை மணிக்கு அவர் ஏணியில் ஏறினார். ஏழே முக்காலுக்கு இறங்கி வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி மேஜை மேல் போட்டார்.

"என்ன மேஸ்திரி விளையாட்டு இது? மேல கூண்டுக்குள்ள ஒருத்தர் உக்காந்திருக்காரு. அவரு இறங்காம நான் எங்க உக்கார்றது?" என்றார்.