முதல் மார்க் வாங்கிய கை

குழந்தைவேலுவின் விசா மனுவுக்கு வந்த பதில் இரண்டே வரி. "உங்கள் திறன் ஏற்கெனவே எங்கள் நாட்டுக்குள் வந்துவிட்டது. ஆகவே நீங்கள் வரத் தேவையில்லை."

துவாக்குடியில் இருபத்தாறு வருடம் வெல்டிங் செய்த மனிதர் அதை மூன்று முறை படித்தார். அவர் மனைவி தமயந்தி நர்ஸ். கைக்குழந்தையாக இருந்த மகளுடன் மூன்று வருடம் முன்பே தென்முனைக் கூட்டரசுக்குப் போய்விட்டாள். கணவன் என்று சொல்லிக்கொண்டு இவர் பின்னால் போக முடியாது. கணவனாக இருப்பது ஒரு திறன் அல்ல என்று அந்த மேதைகள் கண்டுபிடித்து, குடும்ப விசாவையே எடுத்துவிட்டார்கள்; கைக்குழந்தைக்கு மட்டும் விலக்கு. அவரவர் தம் கையைக் காட்டித்தான் நுழைய வேண்டும். நாற்பத்தைந்து வயது முடிந்தால் அந்தக் கையும் செல்லாது. குழந்தைவேலுவுக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது.

கையைக் காட்டுவது என்றால் திறன்மானியை மாட்டிக்கொண்டு வேலை செய்வது. கையுறை போன்ற அந்தக் கருவி நரம்பின் ஒவ்வொரு அசைவையும் அளந்து மார்க் போடும். பொய்ச் சான்றிதழ் எதுவும் எடுபடாது. உலகமே அதை மெச்சியது. நம்மவர்கள் மெச்சி நேரத்தை வீணாக்கவில்லை. அதற்கும் டியூஷன் சென்டர் திறந்தார்கள்.

திருச்சியில் அப்படி ஒன்றைத் திறந்தவர் கல்யாணசுந்தரம். வாழ்க்கையில் ஒரு திருகாணியைக்கூடத் திருகாதவர். அவரிடம் திறனேற்றி இருந்தது. ஒருவர் கையில் பதிந்த பழக்கத்தை இன்னொருவர் நரம்பில் பதினோரு நாளில் ஏற்றும் இயந்திரம். இரண்டு வருடம் முன்பு 'சும்மா ஒரு மாதிரித் தேர்வு' என்று குழந்தைவேலுவை மூன்று நாள் உட்காரவைத்துப் பத்துப் பக்கத்தில் கையெழுத்து வாங்கினார். குழந்தைவேலு ஒரு பக்கமும் படிக்கவில்லை. கையெழுத்துக்கு முன் படித்துப் பார்ப்பவனைச் சந்தேகப் பேர்வழி என்று சொல்லும் ஊர் இது. அந்தத் தேர்வில் அவருக்குத் தொண்ணூற்றெட்டு மார்க் விழுந்தது; கையும் இயந்திரத்தில் பதிவானது.

பதிவின்போது அவர் ஒரு துருப்பிடித்த குழாயைக் கொண்டுபோயிருந்தார். "இதையும் பதிஞ்சுக்கங்க சார். துருவைச் சுரண்டி, எவ்வளவு ஆழம் தின்னுருக்குன்னு பாத்துட்டுத்தான் பத்தவைக்கணும்."

"அதெல்லாம் சிலபஸ்ல இல்லண்ணே. புது பிளேட்டுதான் கேப்பாங்க" என்று கல்யாணசுந்தரம் குழாயை ஓரமாக வைத்துவிட்டார்.

இப்போது பதில் கடிதத்தோடு அதே நாற்காலியில் போய் உட்கார்ந்தார் குழந்தைவேலு.

"என் கைய எத்தனை பேருக்கு சார் ஏத்துனீங்க?"

"ஆயிரத்து இருநூத்துப் பன்னெண்டு. என் மேல கோவிச்சுக்காதீங்க. வேற வெல்டர் கை ஏழெட்டு வச்சிருக்கேன். ஒரு பெத்தவங்க கேட்டாங்களா? மாநிலத்துல முதல் மார்க் வாங்குன கைதான் வேணும்னு வரிசையில நிக்கிறாங்க."

அது உண்மைதான். பல் மருத்துவம் படித்தவன், வங்கியில் இருந்தவன், எம்.பி.ஏ. முடித்தவன் எல்லோரும் குழந்தைவேலுவின் கையோடு விமானம் ஏறியிருந்தார்கள். கூடவே அவருடைய பழக்கமும் போயிருந்தது. வேலை தொடங்குமுன் வெல்டிங் பிடியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வார். அங்கே ஆயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒற்றினார்கள். கூட்டரசு அதிகாரிகள் அதைப் பாதுகாப்பு விதி என்று நினைத்துக் கையேட்டில் படத்தோடு சேர்த்தார்கள்.

"அசல் நான்தானே சார்?"

"மிஷினுக்கு என்னண்ணே தெரியும்? முதல்ல போனவன் அசல். நீங்க லேட்டு." கல்யாணசுந்தரம் ஆறுதலாகச் சிரித்தார். "ஒண்ணு பண்ணலாம். உங்க கைய அழிச்சிட்டு வேற கை ஏத்திக்கங்க. வயசானவங்களைக் குளிப்பாட்டுற கை இருக்கு. அங்க அதுக்குத்தான் இப்ப கிராக்கி."

ஒரு நரம்பில் இரண்டு கை தங்காது. அழித்தால் வேரோடு போகும்; எதைப் பார்த்து எங்கே நிறுத்த வேண்டும் என்ற அறிவும் சேர்ந்தே போகும். குழந்தைவேலு மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏங்க, யோசிக்காதீங்க," என்றாள் தமயந்தி. "நீங்க வந்து சேந்தாப் போதும். அப்பா உயரமா குட்டையான்னு கேக்குறா உங்க மக."

அவர் அழித்தார். வேறென்ன செய்வார்.

பதினாறாம் நாள் குளிப்பாட்டும் கையோடு கூட்டரசில் இறங்கியபோது வாசலில் இரண்டு அதிகாரிகள் காத்திருந்தார்கள். அவர்கள் பேசியதை மொழிமாற்றி தமிழில் சொன்னது. "உங்கள் ஊர்ப் பற்றவைப்பாளர்கள் அனைவரும் ஒரே தவறைச் செய்கிறார்கள். பழைய குழாய்களில் வைத்த பற்று எல்லாம் பிளக்கிறது. நகரத்துக்கு நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை. பதிவுகளை ஆராய்ந்தோம். அசல் நீங்கள்தான். உங்கள் கை வேண்டும்."

இந்த ஆராய்ச்சியைக் குடிநீர் நிற்பதற்கு ஒரு மாதம் முன்பு செய்திருக்கலாம். அப்போது அவர்களுக்குத் தாகம் எடுக்கவில்லை.

"அந்தக் கை இப்ப என்கிட்ட இல்லைங்களே," என்றார் குழந்தைவேலு. "அழிச்சாச்சு."

அதிகாரிகள் தனியே போய்ப் பேசினார்கள். அசல் மனிதருக்குள் அசல் கை திரும்பப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நிபுணர் எழுதிக் கொடுத்தார். பல் மருத்துவம் படித்த வெல்டரைக் கூட்டிவந்து, அவன் கையைப் பதிந்து, குழந்தைவேலுவுக்கு ஏற்றினார்கள். அவர்கள் இயந்திரம் வேகமானது. ஒரே நாளில் முடிந்தது. குளிப்பாட்டும் கை போயிற்று. புதிய அடையாள அட்டையில் 'பிரதி எண் 1213' என்று இருந்தது.

மறுநாள் காலை பிரதானக் குழாயின் முன் அவரை நிறுத்தினார்கள். கயிற்றுக்கு அப்பால் தமயந்தியும் மகளும் நின்றார்கள். அப்பா உயரம்தான் என்று மகள் தெரிந்துகொண்டாள்.

குழந்தைவேலு பிடியைக் கண்ணில் ஒற்றினார். அது அவருடையது, காலில் பட்ட பள்ளிப் புத்தகத்தை ஒற்றிய காலத்துப் பழக்கம், எந்த அழிப்பும் தொடாதது. உடனே கை தானாக எழுந்து மறுபடி ஒற்றியது. அது பிரதியினுடையது. அதிகாரிகள் கையேட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

பிறகு அவர் துருவின் மேலேயே பற்றவைக்க ஆரம்பித்தார். சுரண்டிப் பார்க்கவில்லை. அது சிலபஸில் இல்லை.