வாய் உடைக்காத தாழி

சுசீலாவுக்கு உப்பு ஜாடி எட்டவில்லை.

முப்பது வருடமாக அதே பலகை, அதே ஜாடி. திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை மேலே விட்டு எடுக்கிறவள், அன்றைக்கு நுனிக்காலில் நின்று பலகையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் பீடியோடு உட்கார்ந்திருந்த ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது.

"இன்னாம்மே, குட்டையாயிட்டியா?"

"ஆங், நீ பனமரமாட்டம் வளந்துகினு போற பாரு. வந்து எட்த்துக் குடுய்யா, கொயம்பு அடி புடிக்குது."

எடுத்துக் கொடுத்தார். வழக்கமாக அவள் தலை அவர் தோளுக்கு வரும். அன்றைக்கு மார்புக்குத்தான் வந்தது. கூன் விழுகிற வயசு என்று நினைத்துக்கொண்டார்.

ஏகாம்பரத்துக்கு எழுபத்திரண்டு. குத்தம்பாக்கத்தைச் சுற்றிக் கூவம் ஆற்றோரத்தில் கிணற்றுக்கு உறை இறக்க வேண்டுமென்றால் ஒரு காலத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். படிப்பு மூன்றாவதோடு சரி. பிள்ளை குட்டி இல்லை. அவருக்கு அவள், அவளுக்கு அவர். காகிதத்தோடு வருகிற எவனையும் நம்பமாட்டார். அளப்பான், கல் நடுவான், பிறகு நிலம் உன்னுடையதில்லை என்பான். கண்ணால் பார்த்தவர். ஆற்றங்கரையின் பழைய குடியிருப்புகளைப் பற்றி எழுதுகிறேன் என்று வித்யா என்கிற கல்லூரி ஆசிரியை வந்தபோதும் வாசலோடு விரட்டிவிட்டார். அவள் காலண்டர் ஓரத்தில் நம்பரை எழுதிவிட்டுப் போனாள்.

அந்தக் கரையில் பத்தடி தோண்டினால் தாழி வரும். ஆள் குந்துகிற அளவுக்குப் பெரிய மண்பானை. ஊர் என்று ஒன்று உண்டாகும் முன்னால், ஆற்றுத் தண்ணீரை நம்பி முதலில் வந்து குடியேறிய சனங்கள் புதைத்தது. உறை இறக்குகிறவர்களுக்கு இதில் ஒரு வழக்கம் உண்டு. தாழி தட்டுப்பட்டால் முதல் வேலையாகக் கடப்பாரையால் அதன் வாயை உடைத்துவிட வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம். வாய் முழுசாக இருக்கிற தாழிக்குப் பசி அடங்காது என்பார்கள். அவர் கையால் உடைத்தது நாற்பது தாழியாவது இருக்கும்.

ஒன்றைத்தான் உடைக்கவில்லை.

போன மாதம் கொல்லையில் கக்கூஸ் குழி தோண்டும்போது வந்தது. ஒரு கீறல் கிடையாது. உள்ளே எலும்பில்லை, மண்கூட இல்லை. தேய்த்துக் கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருந்தது. லாரித் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒருமுறை வருகிற தெருவில், பத்துக் குடம் பிடிக்கிற பானையை எவன் உடைப்பான்? இருவருமாகக் கயிறு கட்டி இழுத்துச் சமையலறை ஓரத்தில் நிறுத்தினார்கள். அதில் பிடித்து வைத்த தண்ணீர் சுசீலாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. சொம்பு சொம்பாகக் குடித்தாள். அவருக்கு அதில் அணைந்த திரியின் வாடை அடித்தது. கடை டீயோடு நிறுத்திக்கொண்டார்.

உப்பு ஜாடிக்குப் பிறகு வளையல்கள் முழங்கைவரை ஏறி இறங்கின. மெட்டி தானாகக் கழன்று விழுந்தது. நைட்டி தரையைப் பெருக்கியது. பூந்தமல்லி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், வயசானால் எலும்பு தேயத்தான் செய்யும் என்று மாத்திரை எழுதினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். மழைக்கு முக்காடு போட்டிருந்தாள் சுசீலா. பக்கத்தில் இருந்த அம்மாள் சொன்னாள்: "பெரியவரே, பாப்பாவ மடியில வச்சுக்கோங்களேன்."

சுசீலா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டாள்.

குரல் மட்டும் சுருங்கவில்லை. அதே கனத்த குரல். "இன்னாய்யா ஆவுது எனக்கு?" என்று அந்தக் குரல் இடுப்புயரத்திலிருந்து கேட்டபோது, அவர் மாத்திரையைப் பிரித்து அவள் கையில் வைத்தார்.

மறுநாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. ஓட்டிலிருந்து சொட்டும் நீர், தூரத்தில் பஸ் நிலையத்துப் பக்கம் மண் லாரிகளின் உறுமல், பாயில் சுருண்டு தூங்கும் அவள் மூச்சு, இவற்றுக்கு நடுவே இன்னொரு சத்தம் கேட்டது. நகத்தால் பாத்திரம் சுரண்டுகிற சத்தம். தாழிக்கு உள்ளேயிருந்து.

கடப்பாரையை எடுத்தார். ஓங்கி வாயில் ஒரே போடு.

சுசீலா அலறினாள்.

தாழியில் விரிசல் ஓடி நீர் கசிந்தது. அவள் நெற்றியிலிருந்து தாடைவரை அதே கோடு. ரத்தம் இல்லை. தண்ணீர். தாழியில் எப்படி வழிந்ததோ, அப்படியே அவள் கன்னத்திலும் வழிந்தது.

கடப்பாரை கைநழுவியது. கொல்லைக்கு ஓடிக் களிமண் அள்ளிவந்து விரிசலில் அப்பினார். தாழியில் மண் ஏற ஏற அவள் கன்னத்தில் கசிவு நின்றது.

சாயங்காலம் காலண்டரைக் கிழித்து எடுத்துக்கொண்டு கொல்லையில் நின்று வித்யாவுக்குப் போன் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

"காலியாவா இருந்துச்சு ஐயா? ரெண்டாயிரம் வருஷம் மண்ணுக்குள்ள இருந்தது. மண்ணாவது இருக்கணுமே."

"தெனம் யாரோ தொடச்சி வச்சாப்ல இருந்திச்சும்மா."



"சாவு வராத வயசானவங்க சுருங்கிச் சுருங்கிக் குழந்தையளவு ஆயிடுவாங்க, அவங்கள உயிரோட தாழியில உட்காரவச்சு, சோறும் விளக்கும் வைப்பாங்கன்னு ஊர்ல சொல்லுவாங்க. கதைதான் ஐயா அது."

"அந்தக் கதயில, உக்காந்தவங்கள வெளிய எடுக்க வயி சொல்லிக்கீதா?"

"இல்லைங்க. எடுத்ததா யாருமே சொன்னதில்ல."

"நீ வாம்மா. கல்லு நடுறதுன்னா நட்டுக்கோ. ஊட்ட எட்த்துக்கோ. அவள மட்டும் எதுனா பண்ணு."

"காலையில முதல் பஸ்ஸுக்கு வரேன் ஐயா."

உள்ளே வந்தார். மின்சாரம் போயிருந்தது. எண்ணெய் வாடை.

பாயில் நைட்டி மட்டும் கிடந்தது. தொட்டார். இன்னும் சூடு.

"சுசீலா."

தாழியின் வாயிலிருந்து மஞ்சள் வெளிச்சம் கூரையில் வட்டமாக விழுந்து ஆடியது. உள்ளே பேச்சுக் குரல். அவள் குரல்தான். யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

சொட்டுத் தண்ணீர் இல்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். ஒரு வயசுப் பிள்ளையளவு. நரைத்த முடி காலைச் சுற்றிக் கிடந்தது. மடியில் அகல். பக்கத்து இருட்டிலிருந்து வேர் மாதிரி ஒரு கை நீண்டு, அவள் வாயில் சோறு ஊட்டிக்கொண்டிருந்தது.

அவள் மென்று விழுங்கினாள். நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் திரும்பிச் சொன்னாள்:

"கொஞ்சம் நவுந்து குந்து. எங்க ஊட்டுக்காரரு வந்துட்டாரு."

இருட்டு நகர்ந்து இடம் விட்டது.