இணைப்பு அறுந்த பதினோரு நொடி

மதியம் மூன்று மணிக்கு வானிலைப் பக்கம், அவன் போயே இராத ஓர் ஊரின் மழையைக் காட்டியது. இருக்கும் இடத்தைப் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும் வி.பி.என். செயலியைச் செய்து விற்கிறவனுக்கு இது புதிதல்ல. ஆனால் செயலியை அணைத்த பிறகும் அதே ஊர், அதே தெரு, ‘உங்களுக்கு அருகில்’ என்று ஒரு மருந்துக்கடை. அந்தத் தெருவின் பெயரை அவன் செய்தியில் படித்திருந்தான்.

அலுவலகத்திலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

“எங்க ஊர் சுத்திட்டு இருக்கீங்க? மேப்ல எங்கயோ காட்டுது.”

“வீட்லதான் இருக்கேன்மா.”

“நம்பிட்டேன். யாரு பக்கத்துல? மூச்சு விடற சத்தம் கேக்குது.”

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அவன் மூச்சை அடக்கிப் பார்த்தான்.

“இன்னும் கேக்குதே,” என்றாள். இணைப்பு போய்விட்டது.

ஒரே பொத்தான், குழந்தைகூட இயக்கலாம் என்று தம்பட்டம் அடித்து விற்ற செயலி அது. மறைப்பு அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் பூட்டு ஒன்று முதலில் இருந்தது. அடிக்கடி நெட் நிற்கிறது என்று நாலு பேர் நட்சத்திரத்தைக் குறைத்ததும் பூட்டைக் கழற்றினான். அறுந்தாலும் பொத்தான் பச்சையாகவே எரியும்படி வைத்தான். கணவனுக்குப் பயந்து ஒளிந்திருந்த ஒருத்தி அந்தப் பச்சையை நம்பினாள். ‘சார், பச்சைதான் எரியுது, ஆனா நான் இருக்கற இடம் அவருக்குத் தெரிஞ்சிருச்சு போல’ என்று எழுதினாள். பதிவைப் பார்த்தான். மறைப்பு பதினோரு நொடி அறுந்திருந்தது. அவள் மின்னஞ்சலைத் திருட்டுத்தனமாகத் திறந்து, எங்கிருந்து நுழைகிறாள் என்று பார்த்துவந்த கணவனுக்கு அது போதும். கம்பெனி பெயர் கெட்டுவிடுமே என்று, பச்சை எரிந்தால் கவலை வேண்டாம் என்று பதில் போட்டான். அவள் அங்கேயே இருந்தாள். மறுநாள் கணவன் வந்து கொன்றுவிட்டுப் போனான், இன்னும் பிடிபடவில்லை. செய்தியைப் படித்த அன்றும் இவன் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினான், பாவி.

வெளியே மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஈரச்சுவரும், பினாயிலும், யாரோ பல நாளாகச் சன்னலைத் திறக்காமல் அடைந்து கிடந்த புழுக்கமும் கலந்து, அவன் வீட்டுக்கே இல்லாத ஒரு வாடை மேசைக்கடியிலிருந்து மெல்லக் கிளம்பி மூக்கில் ஏறியது. திரையில் ஒரு மடல் வந்து விழுந்தது. அவளுடைய முகவரி.

‘சார், நீங்க இருக்கற இடம் அவருக்குத் தெரிஞ்சிருச்சு.’

இரும்புப் படியில் செருப்புச் சத்தம்.

அவன் வீடு தரைத்தளம். படியே கிடையாது.

ஒன்று. இன்னொன்று. அவசரமே இல்லாத நடை. போனை எடுத்தான். சிக்னல் இல்லை. கைப்பிடி திரும்பியது. கட்டிலுக்கடியில் உருண்டு புகுந்தான்.

அங்கே ஒருத்தி படுத்திருந்தாள்.

உடம்பைச் சுருக்கி நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். குளிர்ந்த கை அவன் வாயைப் பொத்தியது. மன்னித்துவிடும்மா என்று அந்தக் கைக்குள்ளேயே முனகினான்.

“சத்தம் போடாதீங்க சார்,” என்றாள் காதோரம்.

சேறு படிந்த இரண்டு கால்கள் கட்டிலைத் தாண்டிச் சன்னல்வரை போயின. ஒன்றும் அகப்படாமல் திரும்பி, வாசலை நோக்கி நடந்தன. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது அவள் வாய்விட்டு, அன்பாகக் கூப்பிட்டாள்.

“ஏங்க, இங்கதான் இருக்காரு.”

கால்கள் நின்றன. முழங்கால்கள் மெதுவாக மடங்கித் தரையைத் தொட்டன.