கப்பல்காரி வழிச் சொந்தம்

சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. வேறு யார் வீடாக இருந்தாலும் அது ஒரு விஷயமே இல்லை. ஆனால் அந்தத் தெருவின் வால்வைக் காலையில் ஆளோடு கூடவே நின்று இறுக்கி மூட வைத்துவிட்டு வந்தவளே அவள்தான். குடிநீர் வாரியத்தில் மேற்பார்வையாளர் வேலை. எந்தத் தெருவுக்கு என்றைக்குத் தண்ணீர் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். இன்றைக்கு இந்தத் தெருவுக்கு முறை இல்லை. மாடித் தொட்டியும் காய்ந்து கிடந்தது. ஒரு சொட்டை விரலில் ஏந்தி நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்புக் கரித்தது.

அவளுக்கு இருந்த கவலையில் கடலே வந்து குழாயில் சொட்டினாலும் கண்டுகொண்டிருக்க மாட்டாள். அடியில் ஒரு வாளியை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளறைக்குப் போனாள். மகள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஓர் இடத்தில் நிற்காமல் வீட்டைத் தலைகீழாகப் புரட்டிய பெண்ணுக்கு இப்போது சாய்ந்து உட்காரவே இரண்டு தலையணை வேண்டியிருந்தது. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோயிருந்தது. பொருத்தமான யாராவது மஜ்ஜை கொடுத்தால் பிழைப்பாள், இல்லாவிட்டால் இல்லை. தாயுடையது பொருந்தவில்லை. கொடுக்க முன்வந்திருந்த முகம் தெரியாத அத்தனை பேருடையதும் பொருந்தவில்லை.

"அப்பா பக்கத்துல ரத்த சொந்தம் யாருமே இல்லையா? தூரத்து உறவா இருந்தாலும் பரவாயில்ல, பாத்துடலாம்" என்று டாக்டர் கேட்டபோதுதான் அவளுக்குக் கப்பல்காரியின் நினைவு வந்தது.

பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆண்ட காலத்தில் கப்பலேறி வந்து குடியேறி, ஊர் திரும்பாமலே முடிந்துபோன ஒரு பெண். இவள் கணவனின் வம்சத்துக்கு அவள்தான் ஆதி. பெயர் யாருக்கும் நினைவில்லை. கப்பல்காரி என்றே வீட்டில் சொல்வார்கள். மகளின் சாம்பல் நிறக் கண்களைக் காட்டி, "இது கப்பல்காரி குடுத்த சீதனம்" என்று கணவன் கேலி செய்வான். அவன் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான். அவன் வீட்டில் வேறு யாரும் உயிரோடு இல்லை. ஆனால் கப்பல்காரிக்கு நான்கு மகன்கள் பிறந்தார்களாம். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்?

ஆவணக் காப்பகத்தில் இருந்தவர் வம்சாவளி தேடித் தேடியே தலை நரைத்த மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்.

"நாங்க எப்பவும் கீழேருந்து மேலதாம்மா போவோம். உங்க வீட்டுக்காரர், அவங்க அப்பா, தாத்தான்னு. செத்தவங்ககிட்ட ஆரம்பிச்சுக் கீழ வரக் கூடாது."

"ஏன் சார்?"

"எங்க தொழில்ல அப்படித்தான். ஏன்னு நானும் கேட்டதில்ல."

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. மேலே போய் என்ன செய்ய? மேலே இருப்பவர்கள் எல்லோரும் கல்லறையில். உயிரோடு இருப்பவர்கள் கிளைகளின் நுனியில் அல்லவா இருப்பார்கள்? வாரியத்தில் தண்ணீர் விடுவதும் அப்படித்தான். பெரிய தொட்டியில் தொடங்கி, ஒவ்வொரு வால்வாகத் திறந்துகொண்டே தெருவுக்கு வர வேண்டும். திறந்த இடம் வரைக்கும் தண்ணீர் பின்னாலேயே வந்து நிற்கும். மகள் உயிர் கையில் பிடித்த மணலாக ஒழுகிக்கொண்டிருக்கும்போது அடுத்தவர் தொழில் முறையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? கப்பல்காரியிடமே தொடங்கினாள்.

மூத்த மகனின் கிளை எப்போதோ பட்டுப்போயிருந்தது. இரண்டாவது கிளையில் ஒரு ரொட்டிக் கடைக்காரர் கிடைத்தார், பொருந்தவில்லை. மூன்றாவதில் வயதான கடிகார ரிப்பேர்காரர் ஒருவர். இந்த வயதில் அவரிடம் எடுக்க முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கடைசி மகனின் கிளையை நேற்றுத்தான் முழுக்கப் பிடித்து வந்தாள். அது எங்கேயும் பிரியாமல் நேரே அவள் வீட்டு வாசலில் வந்து முடிந்தது. காப்பகத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

இருட்டத் தொடங்கிய நேரத்தில் ரிப்பேர்காரரிடமிருந்து போன் வந்தது.

"நல்ல சேதிம்மா. உங்கள மாதிரியே இன்னொரு பொண்ணும் நம்ம சொந்தத்தைத் தேடிட்டு அலையுது. அச்சு அசலா நம்ம சாம்பல் கண்ணு."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "என்ன வயசு இருக்கும்? எங்க இருக்காங்க?"

"முப்பதுதான் இருக்கும். நீங்க வந்துட்டுப் போன மறுநாளே வந்துச்சு. நம்ம பாஷைய ஒவ்வொரு வார்த்தையாப் பொறுக்கிப் பேசுது. 'என் பொண்ணு இங்க இருக்காளா'ன்னு மட்டும் கேட்டுச்சு. இங்க பையனுங்கதாம்மா, அவனுங்களும் வெளிநாடு போயாச்சுன்னேன். இன்னைக்குப் பாத்தா மறுபடியும் வாசல்ல நிக்குது. பாவம், தலையெல்லாம் நனைஞ்சு போய்."

"என் விலாசத்தைக் குடுங்கய்யா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"குடுத்துட்டேன். பொண்ணு ஒண்ணு இருக்குன்னும் சொன்னேன். உடனே கிளம்பிடுச்சு."

அவள் ஓடிப்போய் மகளின் நெற்றியில் முத்தமிட்டாள். "ஒரு சொந்தம் கிடைச்சிருக்குடி, வாலு. இங்க வந்துட்டு இருக்காங்க." மகள் கண்ணைத் திறக்காமலே லேசாகச் சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு தாய்க்குக் கை கால் ஓடியது. நாற்காலிகளை ஒழுங்குபடுத்தினாள், தலையைச் சீவிக்கொண்டாள், காலில் விழுந்தாவது சம்மதிக்க வைத்துவிட வேண்டும் என்று தனக்குள் பேசிக்கொண்டாள். சீப்பைக் கீழே வைக்கும்போதுதான் அது உறைத்தது. மழை பெய்து மாதக்கணக்காகிறது.

காப்பகக்காரரை அழைத்தாள். "நாம விட்டுட்ட கிளை ஏதாவது இருக்கா சார்? ஒரு பொண்ணு வீடு வீடாப் போய்த் தன் பொண்ணைக் கேட்டுட்டு இருக்காம்."



"ரொட்டிக் கடைக்காரரும் காலைல இதையேதான் சொன்னாரு. அங்கயும் நீங்க போன மறுநாள் வந்திருக்கு" என்றார். "நான் இதை உங்ககிட்ட சொல்ல வேணாம்னு இருந்தேம்மா. கப்பல்காரி இங்க வரும்போது தனியா வரல. கூட ஒரு பொண்ணு. நடுக்கடல்ல காய்ச்சல்ல போயிடுச்சு. துணியில சுத்திக் கடல்ல இறக்கிட்டாங்க. அந்தம்மா அதை நம்பவே இல்ல. கரை இறங்கின நாள்லேருந்து ஒவ்வொரு வீடாப் போய்க் கேட்டுட்டே இருந்திருக்கா. நாலு பையன் பொறந்தும் விடல. கடைசில ஒரு நாள் கடலுக்குள்ளயே நடந்து போயிட்டா."

அவர் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் போனை வைத்துவிட்டாள்.

சமையலறையில் வாளி நிரம்பி வழிந்து, தரையில் தண்ணீர் நடக்கும் சத்தம் கேட்டது. ஈரக் கம்பளியும் தாரும் நெடுநாள் ஊறிய கயிறும் சேர்ந்த ஒரு வாடை, எந்தப் பக்கமிருந்து என்று தெரியாமல் வீடு முழுக்கப் பரவி, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் உப்பாக ஒட்டியது. கதவின் மூன்று தாழ்ப்பாள்களையும் போட்டாள். கீழே படிக்கட்டில் ஏதோ அசைந்தது. கனமான ஈரத் துணி ஒவ்வொரு படியாக இழுபட்டு ஏறியது. நின்றது. மறுபடியும் ஏறியது.

ஒரு கணம், கடவுளே, ஒரு கணம் அவள் கதவைத் திறக்கத்தான் நினைத்தாள். எதுவாக இருந்தால் என்ன, ரத்தம் ரத்தம்தானே. கை தாழ்ப்பாள் வரைக்கும் போய்விட்டது.

கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"என் பொண்ணு... இங்க... இருக்காளா?"

குரலில் கெடுதல் எதுவும் இல்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அது அவளுடைய குரலைப் போலவே இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாக்களில், காப்பகத்தில், தெரியாதவர்கள் வீட்டு வாசல்களில் அவள் கெஞ்சிய அதே குரல்.

"இல்ல" என்றாள். "இங்க பொண்ணு யாரும் இல்ல. எனக்குப் பிள்ளையே கிடையாது."



வெளியே அமைதி. பிறகு துணி திரும்பும் ஓசை. ஒரு படி. இன்னொரு படி. இறங்கியது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

"இருக்கேம்மா!"

உள்ளறையிலிருந்து. கணீரென்று.

படிக்கட்டில் ஓசை நின்றது.

வாலு அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தலையணை இல்லாமல். சுவரைப் பிடிக்காமல். கன்னத்தில் ரத்தம் ஏறியிருந்தது. எந்த நிறத்துக்காகத் தாய் இத்தனை நாள் அழுதாளோ, அதே நிறம். சாம்பல் கண்கள் தாயைத் தாண்டிக் கதவைப் பார்த்தன.

"உள்ள போடி. வாலு, உள்ள போ."

"அம்மா வந்துட்டாங்க" என்றாள் மகள்.

பாய்ந்து போய் மகளை வாரிக் கட்டிக்கொண்டாள். கதவுக்கு முதுகு காட்டி மண்டியிட்டாள். தாழ்ப்பாள் விலகவில்லை. கதவு திறக்கவில்லை. ஆனால் முழங்கால்களைச் சுற்றித் தண்ணீர். முதுகில் குளிர். பிடரியில் சொட்டு. ஒன்று. இன்னொன்று.

திரும்பவில்லை. திரும்ப மாட்டாள்.

மகளின் இரண்டு கைகளும் அவள் தோளுக்கு மேலாக நீண்டிருந்தன. காற்றில் துழாவின. விரல்கள் விரிந்தன.

மூடின.

கைகள் இழுபட்டு விறைத்தன. அவள் மகளை இறுக்கினாள். முதுகுக்குப் பின்னாலிருந்தும் பிடி இறுகியது.