ஏழாவது குட்டி

அழைப்பு மணியை இரண்டு முறை அழுத்தியும் உள்ளிருந்து ஒரு குரைப்புகூட வரவில்லை. தாயும் ஏழு குட்டிகளும் இருக்கும் வீடு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. மணிச் சத்தம் உள்ளே எங்கோ சுவரில் முட்டி அடங்குவதும், பக்கத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை சொட்டுவதும், இடுப்பருகே நின்ற மகள் மூக்கை உறிஞ்சுவதும் அவளுக்குத் தனித்தனியாகக் கேட்டன. மாலை நான்கு மணிதான். ஆனால் வானம் கவிழ்ந்து தெரு முழுக்க அழுக்குத் தண்ணீரின் நிறத்தில் இருந்தது.

நல்ல பழக்கம் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள். அப்படித்தான் நினைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இதற்கு முன் மூன்று இடம் பார்த்தாயிற்று. ஒருவன் வீட்டுக்கு வரவேண்டாம், பேருந்து நிலையத்துக்கு வாருங்கள், பையில் கொண்டுவந்து தருகிறேன் என்றான். இன்னொருத்தி தடுப்பூசி அட்டையில் தேதியை இவள் கண் முன்னாலேயே எழுதினாள். மூன்றாமவன் குட்டி லாப்ரடாரும் பூடிலும் சேர்ந்த கலப்பு என்று சத்தியம் செய்தான். தாய் எங்கே என்றதும் அவனுக்குத் தொலைபேசி அழைப்பு வந்துவிட்டது.

இந்த முறை தப்பு நடக்கக்கூடாது. இரண்டு மாதத்துக்கு முன், வேலை முடிந்து வரும் வழியில், சாலையோரம் நின்ற வேனின் பின்கதவைத் திறந்து ஒருவன் காட்டிய அட்டைப்பெட்டியிலிருந்து கைக்கு அகப்பட்ட குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். ஐந்தாம் நாள் அது மகளின் மடியிலேயே ரத்தமாகக் கழிந்து செத்துப்போனது. மகளுக்கு ஒன்பது வயது. ஓயாமல் கீச்சிட்டுக்கொண்டிருப்பாள் என்று சிட்டு என்று கூப்பிடுவார்கள். அன்றைக்கு அவள், "நீ ஏன் பாக்காம வாங்கிட்டு வந்த?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் பேசினாள், எதிர்வீட்டில் பேசினாள், தூக்கத்தில்கூடப் பேசினாள். அம்மாவிடம் மட்டும் தலையாட்டல். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் வாயை மூடிக்கொண்டால் சுவர்கள் எவ்வளவு கிட்டே வந்துவிடும் என்பதை அவள் இந்த இரண்டு மாதத்தில் தெரிந்துகொண்டிருந்தாள்.

கால்நடை மருத்துவர்தான், மருந்துச்சீட்டின் பின்பக்கம், என்னென்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். பழைய வண்டி வாங்குகிறவன் எஞ்சினைத் தட்டிப் பார்ப்பதுபோலப் பாருங்கள், மூஞ்சியைப் பார்த்து மயங்காதீர்கள் என்றார். கண், காது, ஈறு, வயிறு, வாலுக்குக் கீழே. தடுப்பூசி அட்டை. கலப்பினம் என்றால் இரண்டு பக்கத்துப் பெற்றோருக்கும் இடுப்பு எலும்பு பார்த்த சான்று. தாயைக் குட்டிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அதன் மடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டிருந்தார்: எல்லாம் பார்த்து முடியும்வரை குட்டியைப் பிள்ளையின் கையில் கொடுக்க விடாதீர்கள்.

கதவு திறந்தது. அறுபதை நெருங்கும் ஒரு அம்மாள். வெளுத்த கை, ஒட்ட வெட்டிய நகம். அவளுக்குப் பின்னாலிருந்து பினாயில் நெடி வந்தது.

அந்த நெடி மூக்கில் ஏறியதுமே இவளுக்கு மனசு ஆறிவிட்டது. பதினோரு வருஷமாக ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் வேலை. சீழும் ரத்தமும் மலமும் தோய்ந்த துணிகளைப் பிரித்துப் போடுவதுதான் பிழைப்பு. மற்றவர்கள் முகம் சுளிக்கும் பினாயில், அவளுக்கு எல்லாம் கழுவி முடித்தாயிற்று, இனிக் கை வைக்கலாம் என்பதற்கான வாசனை. வேறு யாராக இருந்தாலும் அந்த வாசலிலேயே, இவ்வளவு எதற்கு ஊற்றியிருக்கிறார்கள் என்று கேட்டிருப்பார்கள்.

முன்னறையில் சோபா இருந்தது. உட்கார்ந்ததும் சேலை வழியாக ஈரம் ஏறியது. இப்போதுதான் துடைத்தேன் என்றாள் அந்த அம்மாள். தரையும் அப்படித்தான், செருப்பில்லாத காலை எடுக்கும்போது மெல்லப் பிடித்து விட்டது. குடிக்கத் தண்ணீர் வந்தது. தம்ளரின் விளிம்பில் மெல்லிய எண்ணெய்ப் படலம், அதில் ஒட்டிய ஒரு மயிர், வைக்கோல் நிறம். நாய் வளர்க்கும் வீட்டில் இதெல்லாம் சகஜம் என்று தம்ளரைக் கீழே வைத்தாள்.

பிறகு அந்த அம்மாள் குட்டியைக் கொண்டுவந்து, இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நேராகச் சிட்டுவின் மடியில் வைத்தாள்.

எழுந்து தடுக்கத்தான் நினைத்தாள். ஆனால் சிட்டுவின் இரண்டு கைகளும் தாமாகவே குவிந்துவிட்டிருந்தன.

சரி, மடியிலேயே இருக்கட்டும் என்று மண்டியிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணில் பீளை இல்லை. காதுக்குள் முகர்ந்தாள், பினாயில். ஈறு நல்ல சிவப்பு. வாலுக்குக் கீழே சுத்தம். வயிறு மட்டும் முரசுத் தோல்போல விம்மியிருந்தது. தட்டினால் உள்ளே ஏதோ தளும்பியது. உடம்பு முழுக்க உலர்ந்து பஞ்சாக இருக்க, தாடை மயிர் மட்டும் நனைந்து, பழுப்பாக, முடிச்சு முடிச்சாக ஒட்டியிருந்தது. விரலால் பிரித்தாள். விரல் வழவழத்தது. சேலையில் துடைத்துக்கொண்டாள். போகவில்லை.

இப்போதுதான் குடித்துவிட்டு வந்தது என்றாள் அந்த அம்மாள்.

எட்டு வாரக் குட்டி என்று அவள் நீட்டிய தடுப்பூசி அட்டையில் இருந்தது. எட்டு வாரத்தில் தாய்ப்பால் வற்றியிருக்கும், பல் முளைத்த குட்டியைத் தாயே கிட்டச் சேர்க்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். இன்னுமா என்று கேட்டாள்.

"குட்டிங்க விடமாட்டேங்குதும்மா. அவளும் ஒண்ணும் சொல்றதில்ல. அப்படி ஒரு பொறுமை."

சான்றுகளும் வந்தன. பிளாஸ்டிக் உறையில், தேதிவாரியாக, முத்திரையோடு. தாய் லாப்ரடார், தகப்பன் பூடில், இரண்டுக்கும் இடுப்பு எலும்பு, கண், இதயம். ஒரு குறை சொல்ல முடியவில்லை. குட்டி அதுவரை ஒரு முனகல்கூட முனகாததையும் குறை என்று சொல்ல முடியாது. சிட்டுவின் கட்டைவிரலை வாய்க்குள் இழுத்துக்கொண்டு கண்மூடிச் சப்பிக்கொண்டிருந்தது. சிட்டு மூச்சுவிடவும் பயந்தவள்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாயைப் பார்க்க வேண்டும் என்றாள்.

மற்ற இடங்களில் இந்த வார்த்தைக்குத்தான் முகம் மாறியது. இந்த அம்மாளோ மலர்ந்துபோனாள். வாங்க வாங்க என்று முன்னே நடந்தாள். பிள்ளை இங்கேயே இருக்கட்டும், நிறையப் பேர் வந்தால் அவள் மிரளுவாள் என்றாள்.

நடைவழி குறுகலாக இருந்தது. ஒருபக்கச் சுவரில் தோளுயரத்துக்கு ஈரக்கறை படர்ந்து, வண்ணம் கொப்புளித்துத் தோலாக உரிந்து தொங்கியது. எங்கோ ஒரு மின்விசிறி கடகடத்தது. மூன்று கதவுகளைக் கடந்தார்கள். ஒவ்வொரு கதவுக்கு அடியிலும் நனைத்துச் சுருட்டிய துண்டு அடைத்திருந்தது. பினாயிலின் மேல் இப்போது எலுமிச்சை மணக்கும் ஏதோ ஒன்று தெளித்திருந்தார்கள். இரண்டுக்கும் அடியில், ரொம்ப அடியில், மூன்றாவதாக ஒன்று இருந்தது. இனிப்பாக. வாரக்கடைசியில் யாரோ மறந்து மூட்டையிலேயே விட்டுப்போன கட்டுத்துணிகளைத் திங்கட்கிழமை பிரிக்கும்போது வருவது. பழகிய மூக்கு அவளுடையது. ஆனாலும் அடிநாக்கில் எச்சில் ஊறியது. வாந்திக்கு முன்னால் ஊறும் எச்சில்.

விழுங்கினாள்.

கடைசி அறை அடுப்படிபோலக் கொதித்தது. மூலையில் ஹீட்டர் சிவந்திருந்தது. ஜன்னலுக்குப் போர்வை அடித்திருந்தார்கள். நடுவில் தரைமெத்தை. அதில் பக்கவாட்டில் படுத்திருந்தது தாய். கழுத்துவரை வெள்ளைப் போர்வை. தலை மட்டும் வெளியே, வாசலைப் பார்த்தபடி. கண் பாதி திறந்திருந்தது.

போர்வை மெல்ல எழும்பித் தாழ்ந்தது. மறுபடி எழும்பித் தாழ்ந்தது.

மூச்சு. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. இந்த நடைவழி முழுக்க எதை நினைத்துப் பயந்துகொண்டு வந்தாள் என்பது அந்த நிம்மதியில்தான் தெரிந்தது.

"கண்ணு, யார் வந்திருக்காங்க பாரு," என்றாள் அந்த அம்மாள். ரப்பர் பையில் புதிதாக வெந்நீர் நிரப்பிக் கொண்டுவந்து, போர்வையின் முதுகுப்பக்கத்தைக் கொஞ்சமாகத் தூக்கி உள்ளே தள்ளி, மறுபடி செருகினாள். மெத்தைக்கு அடியில், உள்ளங்கையால், மடிப்பு விழாமல்.

அந்தக் கை வேலையை இவளுக்குத் தெரியும். இவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் நோயாளிக்குப் போர்வை போர்த்தினால் கால்மாட்டில் தளர்வாக விடுவார்கள். கால் அசையும், புரளும், எழுந்திருக்கும். நான்கு பக்கமும் இப்படி இறுக்கிச் செருகுவது ஒரே ஒரு வகைப் படுக்கைக்குத்தான். அதைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் மின்தூக்கியில் வேறு யாரையும் ஏற்ற மாட்டார்கள்.

போர்வை எழும்பித் தாழ்ந்தது. ஒரே சீராக இல்லை. விலாப்பக்கம் ஒரு மேடு. பிறகு இடுப்புப்பக்கம் ஒரு மேடு.

மற்ற ஆறு குட்டி எங்கே என்று கேட்டாள்.

"எல்லாம் அவகிட்டதான் இருக்கு."

அறையைச் சுற்றிப் பார்த்தாள். கூடை இல்லை. பெட்டி இல்லை. கிண்ணம்கூட இல்லை. இந்த வீட்டில் சாப்பாட்டுக் கிண்ணம் ஒன்றைக்கூட அவள் பார்க்கவில்லை.

போய்விடலாம். இப்போதே திரும்பி நடந்து, பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போய்விடலாம். ஆனால் பார்க்காமல் விட்டதற்குத்தான் இரண்டு மாதம் தண்டனை. மருத்துவரின் சீட்டு கையில் கசங்கியிருந்தது. மடியைத் தொட்டுப் பார்க்கவும். குனிந்தாள். முதலில் காதைத் தொட்டாள்.

சில்லென்றிருந்தது. போர்வை சுட்டது. காது, குளிர்பெட்டியில் வைத்த தோல். விரலை எடுத்தபோது மயிர் கொத்தாகக் கூடவே வந்தது. இழுக்கவில்லை அவள். அதுவாக வந்தது.

நாக்கு வெளியே தெரிந்தது. கறுத்து, காய்ந்து, ஓரம் சுருண்டு.

"மடியப் பாக்கணுமா? பாருங்க. எல்லாரும் மூஞ்சியப் பாத்துட்டே போயிடுவாங்க. நீங்கதான் சரியாப் பாக்குறீங்க," என்றாள் அந்த அம்மாள், உண்மையான சந்தோஷத்தோடு. செருகலை அவளே உருவினாள்.

போர்வை ஈரச் சத்தத்தோடு பிரிந்து வந்தது.

மடி இல்லை.

மார்பெலும்புக்குக் கீழே தொடையிடுக்குவரை ஒரே திறப்பு. அதன் ஓரங்கள் சப்பிச் சப்பி வெளுத்து, வழுவழுப்பாக, உதடுகள்போல மடிந்திருந்தன. வெளியே ஆறு வால்கள். வைக்கோல் நிறத்தில், கழுவி உலர்த்திய சுத்தமான வால்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி, வரிசையாக. தலைகள் உள்ளே. தோள்வரை உள்ளே. ஆறும் முட்டி முட்டி உறிஞ்ச, விலாத்தோல் எழும்பியது. தாழ்ந்தது. சத்தம் மட்டும் மிக மெல்லியது, கூழ் குடிக்கிற சத்தம்.

ஆறு வால்களும் ஆடிக்கொண்டிருந்தன.

இவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களில் குட்டியின் தாடை வழவழப்பு. உதட்டில் பட்டது. உப்பாக.

அப்போது தாயின் பாதி திறந்த கண் அசைந்தது. குட்டிகளின் பக்கம் இல்லை. இவள் பக்கம். கறுத்த நாக்கு, ஒட்டிய இடத்திலிருந்து பிய்ந்து, மெல்ல நீண்டு, பக்கத்திலிருந்த குட்டியின் முதுகை ஒருமுறை நக்கிக் கொடுத்தது.

"பாத்தீங்களா," என்றாள் அந்த அம்மாள் தணிந்த குரலில். "எவ்வளவு பாசம்."

ஓடினாள். நடைவழிச் சுவர் தோளில் உரசி, உரிந்த வண்ணம் கழுத்தில் ஒட்டியது. முன்னறையில் சிரிப்புச் சத்தம். சிட்டுவின் சிரிப்பு. இரண்டு மாதமாகக் கேட்காதது, கீச்சுக்கீச்சென்று.

சிட்டு சோபாவில் சாய்ந்து படுத்திருந்தாள். குட்டி அவள் வயிற்றின் மேல். பாதிக் குட்டிதான் தெரிந்தது. தலை சட்டைக்குள் போயிருந்தது.

"அதைத் தூக்கிப் போடு," என்றாள். கத்தியதாக நினைத்தாள். காற்றுதான் வந்தது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு கிட்டே போனாள்.

சிட்டு நிமிர்ந்து பார்த்தாள். குட்டியை அணைத்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. கண்கள் மட்டும் பளபளத்தன. உதடு திறந்தது. அம்மாவைப் பார்த்து, இரண்டு மாதத்துக்குப் பிறகு, அம்மாவிடம்தான் பேசினாள்.

"பிடுங்காதம்மா. பசிக்குது அதுக்கு."

நீட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. பேச்சு. மகளின் பேச்சு. அவள் ஒரு கணம் நின்றாள், ஒரே ஒரு கணம், அந்தக் குரல் இன்னொரு முறை வராதா என்று.

"வலிக்கவே இல்லம்மா," என்றாள் சிட்டு. "கூசுது."

சட்டைத்துணி நடுவில் ஈரமாகிக்கொண்டு வந்தது. வட்டமாக. மேடாக எழும்பியது. தாழ்ந்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது.