மூடிக்கிடந்த மணி

எஃப்-ஒன் பொத்தானை யாரும் தொடவில்லை. திரையில் மட்டும் நிறுத்துமணி அடித்துக்கொண்டிருந்தது.

சிங்காநல்லூர் வீட்டு மாடியறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சசிதர் மணி அடிப்பதைக் காட்டும் அந்த ஒற்றை 1-ஐயே பார்த்துக்கொண்டிருந்தான். தலைக்கு மேல் ஃபேன், கீழே மாவாட்டும் கிரைண்டரின் கடகடப்பு, எங்கிருந்தோ ஈரப் பஞ்சும் சுட்ட எண்ணெயும் கலந்த மில் வாடை.

"கண்ணு, காப்பி கொண்டாரேன்!" அம்மா வெங்கடம்மாள் படியேறும் சத்தம்.

நூல்மில் இயந்திரத்தின் சிப்பைப் போலவே கம்ப்யூட்டருக்குள் நடிக்கும் எமுலேட்டர், அவன் எழுதியது; மில்லின் நிறுத்தும் சுவிட்சுக்கு அதில் எஃப்-ஒன் பொத்தான். வெளியிலிருந்து வரும் சமிக்ஞை மணிகளில் எதைக் கேட்பது, எதை மூடிவைப்பது என்று சொல்லும் ரிஜிஸ்டர்கள் என்ற நினைவுக் கட்டங்கள் அசல் சிப்பின் வயிற்றுக்குள்ளேயே இருந்தன. அவனோ அவற்றுக்கான நிரலை வெளியே தனி ஃபைலில் வைத்துவிட்டான். கரண்ட் போய் வருவதாகச் சோதித்தபோது சிப் மட்டும் புதிதாய்த் தொடங்கியது. மணிகள் திறந்தபடியே இருந்தன. அசலில் எல்லாம் மூடிக்கொள்ளும். சோதனை சரியாக வந்ததால், மறுபடி திறக்கும் வரியை மில் புரோகிராமில் அவன் எழுதவேயில்லை.

"ஏனுங்க சசி, கரண்டு போயி வந்தாலும் நிறுத்தற சுச்சு கேக்குமுங்களா?" என்று சோதித்த அன்றே கேட்டான், மில் ஃபிட்டர் திருமூர்த்தி.

"நானே பாத்துட்டனுங்க."

"அப்ப உங்கள நம்பிக் கைய உடறேன். போச்சுன்னா, சோறு ஊட்ட நீங்கதான் வரோணும்!"

இருவரும் சிரித்தார்கள். மறுவாரம் மில்லில் கரண்ட் போய் வந்தது. பல்சக்கரம் சட்டைக் கையைப் பிடித்து இழுக்க, திருமூர்த்தி மறு கையால் சுவிட்சை அழுத்தினான். உயிர் போகும்வரை அழுத்திக்கொண்டே இருந்தான்.

மூன்று மாதம் கழித்து, இன்றுதான், அந்த நிரலை எமுலேட்டர் சிப்புக்குள் கொண்டுவந்து வைத்தான் சசிதர். இப்போது மணிகள் அசலைப் போலவே மூடிக்கிடந்தன. சிப்பின் வாசலில் அந்த 1. கேட்பாரில்லாமல்.

விசைப்பலகையை அருகே இழுத்தான்.

"இருங்க திருமூர்த்தி, தொறந்து உட்டர்றேன்."

விடுபட்ட வரியை எழுதி ஓட்டினான்.

1 மறைந்தது. சிப்புக்குக் கேட்டுவிட்டது.

எமுலேட்டர் நின்றது. ஃபேன் நின்றது. கிரைண்டர் நின்றது. கரண்ட் போயிருக்கும். ஆனால் திரை ஒளிர்ந்துகொண்டே இருந்தது.

"அம்மா?"

கதவருகில் வெங்கடம்மாள். ஒரு கால் அந்தரத்தில். கண் இமைக்கவில்லை. டம்ளருக்கு மேல் ஆவி அசையாமல் நின்றது.

சசிதர் மெல்லக் குனிந்து விசைப்பலகையைப் பார்த்தான்.

எஃப்-ஒன் பொத்தான் ஆழ அமுங்கியிருந்தது. மேலே விரல் இல்லை. சிவந்து நனைந்த பஞ்சு ஒரு துளி.

பொத்தான் மேலே வரவில்லை.