கௌசியின் எட்டுச் செலவு

கூடாரத்துக்குள் கருவாடு பொரிக்கிற வாசம் வந்தது.

ஜனார்த்தன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான். ஆபிரிக்கப் புல்வெளிக்கு நடுவில், தடித்த துணியும் கம்பும் சேர்த்துக் கட்டின இந்த சஃபாரி முகாமில் ஆர் கருவாடு பொரிக்கப் போகிறார்கள்? வந்திறங்கிய உடனேயே முகாம்காரர் பையைத் துழாவி, பிஸ்கட் பக்கெற்றைக்கூட வாங்கி வைத்துவிட்டார்கள். சாப்பாடு மணத்தால் கழுதைப்புலி துணியைக் கிழிச்சுக்கொண்டு வருமாம். வெளியே பொழுது பட்டுக்கொண்டிருந்தது. காய்ந்த புல் காற்றில் உரசுகிற சத்தம், தூரத்தில் ஏதோ ஒரு மிருகம் இருமுகிற சத்தம், பின்பக்கத் திரைக்கு அங்கால் றோசலின் குளிக்கிற தண்ணீர்ச் சத்தம் எல்லாம் கலந்து வந்தன. வாசம் மட்டும் கனடாவில், மார்க்கம் நகரத்தில் இருக்கிற அவனுடைய வீட்டுக் குசினி வாசம்.

"றோசலின், உமக்கு ஏதும் மணக்குதோ?"

"சோப்தான் மணக்குது. பேசாமல் இரும்," என்று அவள் சிரித்தாள்.

கொடுத்து வைச்ச மனிசன். மனைவி கௌசியை எரித்த கையோடு இன்னொருத்தியுடன் விமானம் ஏறினவனை வேறென்ன சொல்ல? கௌசி ஆசுப்பத்திரியில் கிடந்த கடைசிக் கிழமை முழுக்க ஒன்றைத்தான் கேட்டாள். "நாக்குச் செத்துப்போச்சு. ரெண்டு துண்டு கருவாடு பொரிச்சுக் கொண்டு வாங்கோ." ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு அவன் விட்பியில் றோசலின் வீட்டில் இருந்தான். கௌசி அறைக் கதவைப் பார்த்தபடியே செத்துப்போனாள்.

போன் அடித்தது. டோர்செட் பார்க்கில் இருந்து மகன் ஜதுர்சன். அங்கே மத்தியானம்.

"அப்பா, இண்டைக்கு அம்மான்ர எட்டுச் செலவு."

"தெரியும் அப்பன். மாமா வீட்டில படைக்கிறீங்கள்தானே?"

"ஓம். அம்மாக்கு விருப்பமானதெல்லாம் வைச்சிருக்கு. கதவையும் சாத்தியாச்சு."

செத்த எட்டாம் நாள் அதுதான் முறை. செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். உயிர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை ஒருத்தரும் திறக்கக் கூடாது.

"நான்தான் அம்மாவைக் கூப்பிட்டனான்," என்றான் மகன். அவன் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "இஞ்ச சாப்பிட வேண்டாம் அம்மா, அப்பா இருக்கிற இடத்துக்குப் போய் வயிறாரச் சாப்பிடுங்கோ எண்டு சொன்னனான். ஐ மீன் இட், அப்பா."

"விசரே உனக்கு?"

"அம்மா முடிக்குமட்டும் நாங்கள் கதவு திறக்க மாட்டம்."

போன் நின்றது. திரைக்கு அங்கால் தண்ணீரும் நின்றது.

அப்போதுதான் வாசலைப் பார்த்தான். காற்றுக்காகத் திறந்து விட்டிருந்த கூடார வாசலின் சிப், அடிவரை பூட்டிக் கிடந்தது. பிடித்து இழுத்தான். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தான், நகம் பிய்ந்து இரத்தம் வந்தது. அவசரத்துக்கென்று முகாமில் தந்த விசிலை ஊதினான். காவல்காரன் ரோச் வெளிச்சத்தோடு ஓடி வந்து வெளியே நின்றான். உள்ளே எரிந்த விளக்கு, இருக்கிறவர்களின் நிழலைத் துணியில் போட்டிருக்க வேண்டும்.

"சேர்," என்று ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டான், "உள்ளே மூன்று பேரா?"

பதிலுக்கு அவன் நிற்கவில்லை. காலடிகள் பின்வாங்கின. பிறகு ஓடின.

திரைக்கு அங்கால் மெல்லுகிற சத்தம் கேட்டது.

"றோசலின்?"

மெல்லுகிற சத்தம் மட்டும். ஆறுதலாக, ருசித்து. முள்ளைக் கடிக்கிற சத்தம். பிறகு, முள்ளைவிடத் தடித்த ஏதோ.

"கௌசி, நான் வந்திருக்க வேணும்... நான்..."

மெல்லுவது நின்றது.

திரைக்குக் கீழால் ஒரு கை வந்தது. மணிக்கட்டில் ஆசுப்பத்திரிப் பட்டி. விரலெல்லாம் எண்ணெய். நகக்கண்ணில் றோசலினின் ஈரத் தலைமயிர். தரையைத் தடவித் தடவி அவன் காலடிக்கு வந்து, உள்ளங்கையை விரித்தது.

"இஞ்சாருங்கோ," என்றாள் கௌசி. "பசி அடங்கேல்லை."